சீசனுக்கு முன் உடல் சோதனை: லோக்கல் டீமுக்கு ஒரு சாயங்காலம் போதும்

யாருக்கு அடிபடும் என்பதை இந்தச் சோதனை முன்கூட்டியே சொல்லிவிடுமா? சொல்லாது. நார்வே விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் ரோல்ட் பார் 2016-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். காயம்பட்டவர்களின் அளவுகளும் படாதவர்களின் அளவுகளும் கலந்தே கிடக்கும், நடுவில் கோடு போட முடியாது. பழைய காயம் முழுசா ஆறாமல் வந்து நிற்கும் பையனைப் பிடிக்கவும், ஒவ்வொருவரின் தொடக்க அளவைக் குறித்து வைக்கவும்தான் இது.

தேவை: இஞ்ச் டேப், ஒட்டும் டேப், பெஞ்ச், நோட்டு, டயல் வைத்த பழைய பிபி கருவி. டிஜிட்டல் மெஷின் இதற்கு உதவாது. ஆப், சென்சார் என்று யாராவது விற்க வந்தால், அந்தக் காசுக்கு நல்ல பந்து வாங்குங்கள்.

1. கேள்வி

"அடி ஏதாவது இருக்கா?" என்றால் எல்லாரும் "இல்லண்ணா"தான். டீமில் இடம் போய்விடுமே! "போன சீசன்ல எத்தனை மேட்ச் ஆடல, ஏன்?" என்று கேளுங்கள், விஷயம் தானாக வரும். கிராயின் (தொடை இடுக்கு), ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) இரண்டிலும் முன்பு பட்ட காயம்தான் அடுத்ததற்கு வலுவான அறிகுறி. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயது திடீர் மரணம் என்று எது வந்தாலும் இதய மருத்துவர் பார்க்கும்வரை ஆட விடாதீர்கள்.

2. முழங்கால்–சுவர்

கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பது இது. சொதப்பல் எல்லாம் இங்கேதான். வெறுங்கால். சுவருக்குச் செங்குத்தாகத் தரையில் டேப் ஒட்டி, பாதத்தை அதன்மேல் வைத்து, முழங்காலைச் சுவரில் தொடச் சொல்லுங்கள். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடியும். குதிகால் தூக்காமல் தொட முடிகிற கடைசி இடத்தில், கட்டைவிரலிலிருந்து சுவர்வரை அளவு.

குதிகால் நூலளவு தூக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அந்த முயற்சி செல்லாது. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலும் அப்படித்தான், இரண்டாவது விரலுக்கு நேராகவே போகணும். இரு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், பழைய சுளுக்கு பற்றி மறுபடி விசாரியுங்கள்.

3. கிராயின் அழுத்தம்

மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கணும். பிபி பட்டையைச் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே வைத்து, டயலில் முள் 10 காட்டும் வரை காற்றடித்து, 5 விநாடி முழு பலத்தோடு அழுத்தச் சொல்லுங்கள். முள் ஏறிய அளவோடு வலி பத்துக்கு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால், வலிதான் முக்கியம்.

4. ஒற்றைக்கால் பிரிட்ஜ்

மல்லாந்து படுத்து, 60 செ.மீ. உயரப் பெஞ்சில் ஒரு குதிகால், இடுப்பைத் தூக்கி இறக்கி எண்ணணும். ஆஸ்திரேலியக் கால்பந்தில் 20-க்குக் கீழே போனால் ஹாம்ஸ்ட்ரிங் பலவீனம் என்பார்கள்.

அளவு நல்லா இருந்தாலும் இல்லாவிட்டாலும், டீம் முழுக்க வாரம் இரண்டு முறையாவது பிஃபா 11 பிளஸ் என்ற காயத்தடுப்பு வார்ம்-அப் செய்யணும். சுமார் 20 நிமிடம். நார்வே பெண்கள் அணிகளில் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

பின்சேர்க்கை: பிபி பட்டை வழுக்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய ஸ்டாக்கிங்ஸுக்குள் நுழைத்துவிடுங்கள். இன்னொன்று, மேட்சுக்கு மறுநாள் அளந்தால் பலருக்கும் எண் குறைவாக வரும். இரண்டு நாள் விட்டு அளந்து பாருங்கள், அளப்பதும் ஒரே ஆளாக இருக்கட்டும்.