பட்டறையிலும் பொது இடத்திலும் பாதுகாப்புக் குறிகளை அமைக்கும் முறை

ஒரு பட்டறையின் சுவரில் ‘இங்கே தீ மூட்டாதீர்’ என்று தமிழில் மட்டும் எழுதிவைத்தால், அங்கே வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களால் அதைப் படிக்க இயலாது. தமிழ் படிக்கத் தெரிந்தவரும், கையில் சுமையோடு விரைந்து நடக்கும்போது எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆகவேதான் ஐஎஸ்ஓ 7010 என்ற பன்னாட்டுத் தரமும், ஐஎஸ் 9457 என்ற இந்தியத் தரமும் நிறம், வடிவம், படம் ஆகிய மூன்றையும் வரையறுத்து வைத்திருக்கின்றன.

முதலில் அந்த வரையறையை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு வட்டமும் குறுக்குப் பட்டையும் இருந்தால் அது தடை. கறுப்பு விளிம்புடைய மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. ஹெல்மெட், காதுக்காப்பு போன்றவற்றைக் கட்டாயம் அணியச் சொல்வது நீல வட்டம். வெளியேறும் வழிக்கும் முதலுதவிப் பெட்டிக்கும் பச்சை. தீயணைப்புக் கருவிகளுக்குச் சிவப்புச் சதுரம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் இருப்பதால், நிறத்தைப் போலவே வடிவத்தையும் மாற்றக் கூடாது.

தவறு பெரும்பாலும் தடைக் குறியில்தான் நேர்கிறது. குறுக்குப் பட்டை, பார்ப்பவருக்கு மேல் இடமிருந்து கீழ் வலமாக 45 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். குறியின் பரப்பில் குறைந்தது 35 விழுக்காடு சிவப்பாக இருக்க வேண்டும். படம் கறுப்பில் அமைய வேண்டும். ஃப்ளெக்ஸ் கடையில் அழகுக்காகப் பட்டையை மெலிதாக்குவதும், திசையைத் திருப்புவதும், வண்ணப் புகைப்படத்தின் மேல் பெருக்கல் குறி போடுவதும் வழக்கமாகிவிட்டன. கடைக்காரரின் வடிவமைப்புக்கு விட்டுவிடாமல், தரத்தில் உள்ள படத்தை அப்படியே கொடுத்து அச்சிடச் செய்யுங்கள்.

அடுத்து அளவு. குறியை எவ்வளவு தொலைவிலிருந்து கண்டுகொள்ள வேண்டுமோ அந்த மீட்டர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால், தேவையான குறைந்தபட்சப் பரப்பு சதுர மீட்டரில் கிடைக்கும். 10 மீட்டருக்கு 0.05 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 செ.மீ. விட்டமுள்ள வட்டம், 20 மீட்டருக்கு 50 செ.மீ. விட்டம். உள்ளங்கை அளவு ஸ்டிக்கரைக் கிடங்கின் மறுகோடியில் ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

புகைபிடித்தல் தடைக்கு இந்தியாவில் 2008ஆம் ஆண்டு விதிகள் தனியே அளவு வகுத்துள்ளன. பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. இருக்க வேண்டும், அதில் 15 செ.மீ.க்குக் குறையாத விட்டமும் 3 செ.மீ.க்குக் குறையாத சிவப்பு விளிம்பும் உடைய வட்டத்துக்குள், புகையும் சிகரெட் அல்லது பீடியின் படத்தைச் சிவப்புப் பட்டை கடக்க வேண்டும். இங்கே புகைபிடிப்பது குற்றம் என்ற வாசகமும் வேண்டும். நுழைவாயில்கள் மட்டுமல்லாமல், மாடிக் கட்டடமாயின் ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டிலும், லிஃப்ட் வாயிலிலும் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் அளிப்பது என்ற விவரத்தையும் காட்ட வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

குறியை ஆபத்தின் மேலேயே ஒட்டாமல், அதை அணுகுபவர் நின்று விலக நேரம் கிடைக்கும் இடத்தில், கண்மட்டத்தில் பொருத்துங்கள். திறந்து சாத்தும் கதவில் ஒட்டினால், கதவு திறந்திருக்கும் வேளையில், அதாவது மிகவும் தேவைப்படும் வேளையில், குறி மறைந்துவிடும். மின்பலகைக்கு அருகில் மின்னல் வடிவமுடைய மஞ்சள் முக்கோணத்தோடு ‘நீரால் அணைக்காதே’ என்னும் தடைக் குறியும் இருப்பது அவசியம், ஏனெனில் தீயைக் கண்டதும் வாளித் தண்ணீரைத் தேடுவதே மனித இயல்பு. அதற்காக ஒரே சுவரில் பத்துப் பதினைந்து குறிகளை நெருக்கி ஒட்டினால் எதுவுமே கண்ணில் படாது. அந்த இடத்தில் உண்மையாக உள்ள ஆபத்துகளுக்கு மட்டும் குறி வையுங்கள்.

வெயில் படும் இடத்தில் சிவப்பு மை விரைவில் வெளுக்கும், கறுப்பு நிலைத்திருக்கும். நான் பார்த்த ஒரு கிடங்கின் வெளிச்சுவரில், குடிக்கத் தகாத நீர் என்பதைக் காட்டும் குறியில் சிவப்பு முழுவதும் போய், குழாயும் அதன்கீழ்க் குவளையும் மட்டும் எஞ்சியிருந்தன. புதிதாக வருபவர் அதைக் குடிநீர்க் குழாய் என்றுதான் எண்ணியிருப்பார். இத்தகைய இடங்களுக்கு வெயில் தாங்கும் மையில் அச்சிட்ட தகடுகளை வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குறிகளையும் சுற்றிப் பார்த்து, வெளுத்தவற்றை அன்றே கழற்றி மாற்றுங்கள். அந்தச் சுற்றின்போது, அண்மையில் சேர்ந்த தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துச் சென்று ஒவ்வொரு குறிக்கும் பொருள் கேளுங்கள். அவர் தயங்கும் குறியை அங்கேயே நின்று அவருக்குப் புரியும் மொழியில் விளக்குங்கள்.