பஸ் வருவதற்குள் எழுதிவிடுங்கள்

சமூகப்பணி படிக்கிறவர்களுக்கு: களப்பணி முடிந்ததும், பஸ் ஸ்டாப்பிலேயே அன்றைய அறிக்கைக்கான குறிப்பை எழுதிவிடுங்கள். யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், அடுத்து என்ன செய்யவேண்டும், இவ்வளவு போதும். குளச்சலிலோ திங்கள்சந்தையிலோ நாகர்கோவில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் தாராளம். ஏறிய பிறகு வேண்டாம். நம்ம ரோட்டில் எழுதினால் நமக்கே புரியாது.

கேட்டது மறப்பதற்குள் எழுதுவதால் ராத்திரி அறிக்கை சீக்கிரம் முடியும். அதைவிட முக்கியம், பாதியில் நிற்கிற வேலைதான் மனசைப் பிராண்டிக்கொண்டே இருக்கும். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் கேட்டதெல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால்தானே திரும்ப வரும்? 'அடுத்து செய்யவேண்டியது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த நச்சரிப்பு கொஞ்சம் அடங்கும்.

பெயர், விலாசம் எழுதாதீர்கள், ஒரு குறியீடு போதும். போனில் பேசிப் பதிவு செய்யவே கூடாது. பக்கத்தில் நிற்பவர் நீங்கள் பார்த்த வீட்டுக்காரர்களுக்குச் சொந்தக்காரராக இருக்கலாம்.

குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் இதெல்லாம் பொருந்தாது. குறிப்பு அப்புறம், முதலில் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன், கூடவே வழிகாட்டும் ஆசிரியருக்கும். எழுதியும் தூக்கம் வராத ராத்திரிகள் தொடர்ந்தால் நோட்டு போதாது, 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்குப் போன் போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.