பம்ப் கம்பெனியில் புராடக்ட் மேனேஜர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை பம்ப் கம்பெனிகளில் இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் டிசைனிலிருந்தோ சேல்ஸிலிருந்தோ வருகிறார்கள். டிசைன்காரர் டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்புவார், சேல்ஸ்காரர் டீலரை நம்புவார். பம்ப் ஓடப்போகும் கிணற்றை இருவருமே பார்ப்பதில்லை. கீழே வரும் தவறுகளில் பாதி அங்கிருந்து தொடங்குபவை.

முதலில் ஸ்பெக். "5 ஹெச்பி, 20 ஸ்டேஜ், 500 அடி" என்று டீலர் கேட்பதை அப்படியே மாடலாக்கிவிடுவது பெரிய தவறு. (ஸ்டேஜ் என்பது பம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அடுக்கு. ஒவ்வொன்றிலும் தண்ணீரைத் தள்ளும் ஒரு சுழல் சக்கரம், அதாவது இம்பெல்லர் இருக்கும்.) 500 அடி என்பது பம்ப் தொங்கும் ஆழம். ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்தது) கணக்குக்கு வேண்டியது, பம்ப் ஓடும்போது தண்ணீர் நிற்கும் மட்டம். அது 350 அடி என்றால் 107 மீட்டர். தரைக்கு மேல் 5 மீட்டர் சேர்த்தால் 112. இனி குழாய். நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் 150 மீட்டர் நீளக் குழாயில் ஏறும்போது, உள்விட்டம் 32 மி.மீ. என்றால் உராய்வில் மட்டும் சுமார் 23 மீட்டர் போய்விடும், 40 மி.மீ. என்றால் 8 மீட்டர்தான். மொத்த ஹெட் ஒன்றில் 135, மற்றதில் 120. பம்ப் எஃபிஷியன்சி 55 சதவீதம் என்று வைத்தால், அதே 100 லிட்டருக்கு முதலாவது ஷாஃப்டில் 4 கிலோவாட் கேட்கும், இரண்டாவது 3.6. 5 ஹெச்பி மோட்டார் தருவது 3.7. மோட்டார் சைஸையே குழாய்தான் தீர்மானிக்கிறது. ஆனால் கேட்லாக்கில் குழாய் அளவு எழுதும் கம்பெனிகள் குறைவு.

"எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதல் ஸ்டேஜ் போட்டுத் தருவதும் ஆபத்துதான். ஹெட் குறைவான இடத்தில் பம்ப் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும், மோட்டார் இழுக்கும் கரண்ட் (ஆம்ப்ஸ்) ஏறும், இம்பெல்லர்கள் மேல்நோக்கி உந்தப்பட்டுத் தேயும். போர்வெல்லில் ஊற்று போதாவிட்டால் டிரை ரன் வேறு, அதாவது தண்ணீரில்லாமல் பம்ப் ஓடுவது.

அடுத்தது வாரண்டி. "மோட்டார் காயில் எரிந்தது" என்ற ஒரே வரியோடு வரும் ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். எரிந்தது விளைவு, காரணம் வேறு. கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியதா, ஒரு ஃபேஸ் போனதா, த்ரஸ்ட் பேரிங் (பம்பின் கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்) தேய்ந்து, உள்ளே சுழலும் ரோட்டர் உரசியதா என்று மோட்டாரைப் பிரித்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் கருகாமல் நின்றால், ஸ்டார் கனெக்‌ஷன் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக இணைப்பது) மோட்டாரில் அது பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸிங், அதாவது ஒரு ஃபேஸ் போன பிறகும் மோட்டார் ஓடியது. மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது லோ வோல்டேஜ். ஃபேக்டரி டெஸ்ட் பெட்டில் (சோதனை மேடையில்) 415 வோல்ட். கடைக்கோடித் தோட்டத்தில் 350 கிடைத்தாலே பெரிது. டார்க் (மோட்டாரின் சுழற்று விசை), வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 350-ல் ஸ்டார்ட்டிங் டார்க் சுமார் 71 சதவீதம்தான். மணல் சிக்கிய பம்ப் அதில் கிளம்பாது. புது மாடலைக் குறைந்த வோல்டேஜிலும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் ரிலீஸ் செய்யக் கூடாது.

செலவைக் குறைக்கிறோம் என்று இம்பெல்லரின் நடுத்துளையையோ கீ-வேயையோ (ஷாஃப்டோடு பூட்டும் பள்ளம்) மாற்றிவிட்டு, பழைய பார்ட் நம்பரையே வைத்துக்கொள்வது இன்னொன்று. ஃபேக்டரிக்குள் எந்தக் குழப்பமும் தெரியாது. ஸ்பேர்ஸ் கடையில் பழசும் புதுசும் ஒரே டப்பாவில் கிடக்கும். மெக்கானிக் தோட்டத்தில் பம்பைப் பிரித்துப் போட்ட பிறகுதான் சேராதது தெரியும். அடுத்த முறை அவர் வேறு பிராண்டைச் சொல்வார். பழைய பாகத்துக்குப் பதில் அப்படியே மாட்ட முடியாது என்றால் புது நம்பர், தயக்கமே வேண்டாம். பழைய பாகத்துக்கு எத்தனை வருஷம் ஸ்டாக் வைப்பது என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும்.

மார்ச் மாத டீலர் ஆர்டரை டிமாண்ட் என்று நம்பி அடுத்த வருஷத் திட்டம் போடுவதும் வழக்கமாக நடப்பது. நிதியாண்டுக் கடைசித் தள்ளுபடி ஸ்கீமுக்காக டீலர் வாங்கியது குடோனில் இருக்கும். கடையிலிருந்து விவசாயிக்கு எத்தனை போனது என்று வாரண்டி பதிவை வைத்துப் பாருங்கள். கோடை மழை முன்கூட்டியே வந்தால் அந்த ஸ்டாக் அப்படியே நிற்கும்.

ஐஎஸ்ஐ (தர முத்திரை), ஸ்டார் லேபிள் (மின்சிக்கன மதிப்பீடு) வேலைகளைக் கடைசியில் வைத்துக்கொள்வதால் சீசனே தவறிப்போகும். நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 8034. லைசென்ஸ் ஏற்கனவே இருந்தாலும் புது மாடலை அதில் சேர்க்க டெஸ்ட் ரிப்போர்ட்டும் விண்ணப்பமும் வேண்டும். ஸ்டார் ரேட்டிங் கேட்கும் மானியத் திட்டங்களில் லேபிள் இல்லாத பம்ப் பட்டியலுக்கே வராது. பிப்ரவரியில் கடைக்குப் போக வேண்டிய மாடலுக்கு, முந்தைய மழைக்காலத்திலேயே சாம்பிள் லேபுக்குப் போயிருக்க வேண்டும்.

விலைப் பட்டியலில் மோட்டார் காயிலுக்கான காப்பர் விலையின் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு ஷரத்து இருக்கட்டும். டெண்டரில் கட்டாயம்.