மழை லீவில் நட்சத்திரம், வெயில் லீவில் சுண்ணாம்பு

நவம்பர் மாதம் கோத்தகிரியில் விடிந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு லீவு விட்டாங்களா?" விட்டுவிட்டால் என் தையல் மெஷினுக்கு இந்தப் பக்கம் பெரியவள், அந்தப் பக்கம் சின்னவன். ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு, ஒருத்தன் நாலாம் வகுப்பு. மத்தியானத்துக்குள் இரண்டு சண்டையாவது வரும். அதைத் தடுக்கத்தான் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தக் கைவேலைகளை ஆரம்பித்தேன். நாலு வருடத்தில் எங்களுக்குக் கை பழகியதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை, கைவேலை என்று நமக்குக் கிடைக்கிற குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் கீழ்நாட்டுக்காரர்கள் சொன்னவை. மேட்டுப்பாளையம் தாண்டி மேலே வந்தால் அதில் பாதி பலிக்காது. சுமார் 6,000 அடி உயரம். ஜூன், ஜூலை மழையைத் தொட்டபெட்டா சிகரம் மறைத்துக்கொள்ளும். அக்டோபரில் ஆரம்பிக்கிற வடகிழக்கு மழை நேராக எங்கள் மேல்தான் விழும். மழை இல்லாத நாளில் மஞ்சு, அதாவது மூடுபனி. காகிதம் நமத்துவிடும், பசை இளகிவிடும், பெயிண்ட் உரிந்துவிடும். அதனால் என்ன செய்யப் போகிறோம் என்பதைவிட, எந்த மாதத்தில் எந்தப் பொருளை வைத்துச் செய்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

நட்சத்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். என் வீட்டுக்காரர் பக்கம் கிறிஸ்துமஸ், என் பிறந்த வீட்டுப் பக்கம் பொங்கல். ஆக டிசம்பர் முதல் வாரம் வாசலில் நட்சத்திரம் ஏறியாக வேண்டும். முன்பெல்லாம் கடையில் காகித நட்சத்திரம் வாங்குவோம். மஞ்சு இறங்கிய நாலாம் நாள் அது நனைந்த அப்பளம் மாதிரி தொங்கும். ஒரு வருடம் வெறுத்துப்போய் அத்தையிடம் கேட்டேன், "அத்தை, மாமாவோட பழைய வேட்டி ஒண்ணு இருந்தா குடுங்களேன்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துணி நட்சத்திரம்தான்.

சட்டத்துக்கு மூங்கில் சிம்பு பத்து வேண்டும். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம், அரை விரல் அகலம், வளைத்தால் ஒடியாமல் வளைகிற கனம். சந்தைப் பக்கம் கூடை முடைகிறவர்களிடம் கேட்டால் பிளந்தே கொடுப்பார்கள். சிராய் கையில் ஏறும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலையைச் சின்னவனிடம் கொடுத்துவிடுங்கள், அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

நட்சத்திரம் கோணலாகப் போவது எல்லாருக்கும் நடக்கும். எங்கள் முதல் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, "நண்டு நல்லா இருக்கு" என்றார். அதற்கு ஒரு அளவு இருக்கிறது. 60 சென்டிமீட்டர் குச்சியில் இரண்டு முனையிலிருந்தும் 23 சென்டிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் 14 மிஞ்சும். ஐந்து குச்சிகளை ஐந்துமுனை நட்சத்திரமாக அடுக்கும்போது, ஒன்றை ஒன்று வெட்டுகிற இடமெல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் வர வேண்டும். வந்துவிட்டால் ஐந்து முனையும் தானாகச் சமமாக நிற்கும். வேறு அளவுக் குச்சி என்றால் நீளத்தை 0.382 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரியவள் கணக்கு நோட்டில் போட்டுக் கண்டுபிடித்தது இது. எனக்கு இஞ்சு டேப்பை விட்டால் வேறு கணக்கு தெரியாது. குச்சிகளைப் பாய் பின்னுவது போல ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விட்டு அடுக்கினால் கட்டு போடுவதற்கு முன்பே சட்டம் நிற்கும்.

இப்படி இரண்டு சட்டம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு குச்சிகள் வெட்டுகிற ஐந்து இடத்திலும் இரண்டு சட்டத்துக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் முட்டுக் குச்சி கொடுத்துக் கட்ட வேண்டும். நட்சத்திரம் வயிறு உப்பி எழும்பும். முதல் தடவை செய்கிறவர்கள் 10 சென்டிமீட்டர் முட்டு வைத்தால் போதும். சிம்பு கனமாக இருந்தால் ஐந்தாவது முட்டு கொடுக்கும்போது பட்டென்று ஒடியும். ஆகவே இரண்டு சிம்பு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாயம். இதற்கு நாங்கள் காசு செலவழிப்பதில்லை. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை, டஸ்ட் டீக்குப் பஞ்சம் இல்லை. நாலு முழ வேட்டி ஒன்று போதும். அதில் கஞ்சி இருந்தால் சோப்புப் போட்டு நன்றாக அலசி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீர், 200 கிராம் டஸ்ட். இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, துணியை அதில் முக்கிக் குச்சியால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்தில் தெரிகிற நிறம் காய்ந்தபின் இருக்காது, இரண்டு படி வெளுத்துவிடும். "போதும்மா, கறுப்பாயிடும்" என்று பிள்ளைகள் கத்தும்போது இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

பாத்திரம் சில்வராக இருக்கட்டும். முதல் வருடம் நான் இரும்புச் சட்டியில் போட்டேன். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது அப்போது தெரியாது. துணி சாம்பல் நிறத்தில் வந்தது. அந்த வருடம் எங்கள் வாசலில் துக்க வீட்டு நட்சத்திரம்.

வெட்டுவதற்கு அளவெடுக்க வேண்டாம். துணியை விரித்துச் சட்டத்தை மேலே வைத்து ஓரம் வரைந்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பக்கவாட்டுக்குப் பட்டம் போன்ற ஐந்து துண்டு. நீளம் 46 சென்டிமீட்டர், நடு அகலம் முட்டுக் குச்சியின் அளவான 12 (10 முட்டு வைத்தால் 10), அதற்கு மேல் தையலுக்குச் சுற்றிலும் ஒன்றரை. பட்டத்தின் நடு மடிப்பு முட்டுக் குச்சியின் மேல் உட்காரும். இரு நுனியும் பக்கத்துப் பக்கத்து முனைகளுக்குப் போகும்.

ஒட்டாதீர்கள். மைதா பசை மஞ்சில் கொழகொழக்கும், எலியும் தேடி வரும். குச்சியைச் சுற்றித் துணியின் ஓரத்தை மடித்து, கையூசியால் இறுக்கித் தைத்துவிடுங்கள். துணி முரசு மாதிரி விறைப்பாக இருந்தால்தான் வெளிச்சம் சீராக வரும். கீழ்ப் பட்டத் துண்டில் மட்டும் ஒரு பக்கம் தைக்காமல் இரண்டு கொக்கி வைத்தால் பல்பு மாற்ற வழி. பல்பு 5 வாட் எல்இடி. பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், துணி கருகும். வயர் ஜாயின்ட் எதுவும் வெளியே மழை படுகிற இடத்தில் இருக்கக் கூடாது. ஒரே நீள வயராக வீட்டுக்குள்ளிருந்து எடுங்கள், நட்சத்திரமும் தாழ்வாரத்துக்கு உள்ளே தொங்கட்டும். எரியவிட்டுத் தெருவில் நின்று பாருங்கள், நல்ல டிகாக்‌ஷன் நிறத்தில் வெளிச்சம். நண்டு என்று சொன்ன அக்காவே அடுத்த வருடம் வேட்டியோடு வந்தார்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்ணிச்செடிக் குச்சியை வெட்டி வேகவைத்துச் சூட்டோடு தோல் உரித்தால் வழவழப்பாக வளைந்து கொடுக்கும். காடெல்லாம் மண்டிக் கிடக்கிற செடி, தோட்டத்து ஓரத்தில் வெட்டினால் நன்றி சொல்வார்கள். சோலைக்குள் போய்ப் பாசியை மட்டும் பெயர்த்து வராதீர்கள். பழைய பச்சைக் கம்பளித் துண்டு போதும், ஆட்டுக்குட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

அதே மழை நாட்களில் செய்கிற இன்னொரு வேலை கதவுப் பாம்பு. கதவுக்கடியில் வருகிற குளிர்காற்றை நிறுத்த. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி நீளக் குழலாகத் தைப்பது எல்லாரும் செய்வது. நான் இரட்டைக் குழலாகத் தைப்பேன். நடுவில் கதவின் கனத்துக்குத் தட்டையாகத் துணி விட்டு, கதவுக்கு உள்ளே ஒரு குழல், வெளியே ஒரு குழல். கதவைத் திறந்தால் பாம்பும் கூடவே போகும். ஒவ்வொரு தடவையும் குனிந்து தள்ளி வைக்க வேண்டாம். நமது 3 அடிக் கதவுக்கு 36 அங்குலம், இரண்டு முனையிலும் ஒரு அங்குலம் தையலுக்கு. ஜீன்ஸுக்கு 16 அல்லது 18 நம்பர் ஊசி போடுங்கள், 14 போட்டால் ஒடியும். உள்ளே வெட்டுத்துணியை மட்டும் அடைத்தால் கனம் இல்லாமல் எழும்பி நிற்கும். தடித்த காடாவில் தனிப் பை தைத்து அதில் காய்ந்த மணல் கொஞ்சம் போட்டு, மீதிக்கு வெட்டுத்துணி. கண்ணும் நாக்கும் பிள்ளைகள் பொறுப்பு. சின்னவன் வைத்த சிவப்பு நாக்கைப் பார்த்துவிட்டு அத்தை ராத்திரி கட்டில் மேல் ஏறி நின்றது தனிக் கதை.

ஆனால் கேளுங்கள், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு உள்ளே கரி நெருப்புச் சட்டி வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கரிப்புகையில் மணமே இல்லாத விஷ வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நெருப்பு வைக்கிற அறையில் பாம்பு கிடையாது, ஜன்னலும் கொஞ்சம் திறந்திருக்கும். எங்கள் வீட்டில் இது சட்டம்.

அரையாண்டு லீவு வந்தால் வெயில் வந்துவிடும். ராத்திரி பனி, பகலில் கண்ணைக் கூசுகிற வெயில். பொங்கலுக்கு வெள்ளையடிக்க இதுதான் காலம். எங்கள் பின்னறைச் சுவர் மண்மேட்டை ஒட்டியது, எப்போதும் ஓதம். ஐந்து வருடம் முன்பு ஒரு பெயிண்டர் வந்து, பட்டி வைத்துப் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அடுத்த மழைக்குச் சுவர் கொப்புளித்து, தோசை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழி இல்லாமல் அடைத்தால் அது வேறு என்ன செய்யும்?

முதல் வேலை சுவருக்கு வெளியே. சுவர் ஓரத்தில் சேர்ந்த மண்ணை அள்ளி, வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடி கீழே தண்ணீர் ஓடுகிற மாதிரி வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள். சேர்ந்த மண்ணை மட்டும்தான். மண்மேட்டின் அடியைத் தோண்டவே கூடாது. 2009 நவம்பரில் இந்த மலையில் மண் சரிந்ததைப் பார்த்த யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். மேடு விரிசல் விட்டிருந்தால் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

பிறகு உள்ளே பழைய பெயிண்டைச் சுரண்டுவது. இதில் பிள்ளைகளை மிஞ்ச ஆள் இல்லை. பழைய ஸ்பூனைக் கொடுத்து, மூக்கில் துணி கட்டி, "யார் பெரிய துண்டு உரிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் மத்தியானத்துக்குள் சுவர் ரெடி. பிளாஸ்டிக் பெயிண்டின் மேல் சுண்ணாம்பு ஒட்டாது, ஆகவே அரைகுறையாகச் சுரண்டிப் பயனில்லை. எங்களுடையது கல்லும் மண்ணும் வைத்துக் காரை பூசிய பழைய வீடு, சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். சிமெண்ட் பூச்சில் இந்த அளவு பிடிக்காது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தாளிக்கிற, அதாவது தண்ணீரில் போட்டு நீற்றுகிற இடத்துக்குப் பிள்ளைகள் வரக் கூடாது. இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் தெறிக்கும். 5 கிலோ கல்லுக்கு 20 லிட்டர் தண்ணீர் வைத்தோம். கொதிக்கிற சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டால் போதும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூன்று நாள் மூடி வைத்து, துணியில் வடிகட்டினால் பால் பதம்.

கீழ்நாட்டில் இதில் உப்பும் கஞ்சியும் சேர்ப்பார்கள். ஓதச் சுவருக்கு இரண்டும் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், கஞ்சியில் பூஞ்சை வரும். சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டால் போதும்.

காலை பத்து மணிக்கு மேல் சுவரில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு மட்டையால் அடியுங்கள். இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், ராத்திரிப் பனிக்கு முன்னால் அது இறுக வேண்டும். தினம் ஒரு பூச்சு, மூன்று நாள், மெல்லியதாக. தடித்து அடித்தால் வெடிக்கும். அடித்தவுடன் சுவர் தண்ணீர் ஊற்றின மாதிரிதான் இருக்கும். "ஒண்ணுமே தெரியல, ஏமாத்திட்டாங்க" என்று சின்னவன் அழுதே விட்டான். மறுநாள் காலையில் எழுந்து பார்த்துவிட்டு அவனே எல்லாரையும் எழுப்பினான்.

பசை சேர்க்காத சுண்ணாம்பு என்பதால் உரசினால் உடம்பில் ஒட்டும். அத்தை இரண்டு நாள் தோளில் வெள்ளையோடுதான் சர்ச்சுக்குப் போய் வந்தார்கள். இப்போது கட்டில் படுகிற உயரத்துக்குப் பழைய கோரைப்பாயை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம், சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் இடம் விட்டு.