255-இல் ஓடி 150-இல் நின்ற மோட்டார்

எல்298என் டிரைவர் (மோட்டார்களை ஓட்டும் போர்டு), அர்டுயினோ ஊனோ (கோடின்படி அதைக் கட்டுப்படுத்தும் சிறு போர்டு) வைத்த இருசக்கர ரோபோ. சென்சாரைத் திருப்ப ஒரு செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) சேர்த்ததும் இடது மோட்டார் அடம்பிடித்தது. வேகம் 255 (முழு வேகம்) என்றால் ஓடும், 150 என்றால் அசையாது.

இரு மோட்டார்களின் வயர்களையும் டிரைவரில் இடம் மாற்றிப் போட்டேன். இப்போது வலது நின்றது, இடது ஓடியது. சரி, மோட்டாரில் கோளாறு இல்லை. டிரைவரில் அந்தப் பக்கத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎன்ஏ வயர் ஊனோவின் 9-ஆம் பின்னில் இருந்தது. ஊனோவில் செர்வோ லைப்ரரி (செர்வோவை இயக்கும் ஆயத்தக் கோடு) டைமர் 1 என்ற உள் டைமரை எடுத்துக்கொள்வதால் 9, 10 பின்களில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வேகத்தைக் குறைக்கும் சிக்னல்) கிடைக்காது. 255 மட்டும் நேரடி ‘ஹை’ (எப்போதும் ஆன்) ஆவதால் தப்பிக்கிறது. செர்வோவை வேறு எந்தப் பின்னில் மாட்டினாலும் இதே கதைதான், அதுதான் எரிச்சல்!

வயரை 6-க்கு மாற்றி, கோடிலும் எண்ணைத் திருத்தினேன். மறுபக்கத்து வேக வயரான இஎன்பி ஏற்கெனவே 5-இல். இரண்டுமே செர்வோ லைப்ரரி தொடாத டைமர் 0, பிடபிள்யூஎம் சுமார் 980 ஹெர்ட்ஸ். இப்போது 150-இலும் இரு சக்கரங்களும் சுற்றுகின்றன.