காற்றுப் பிளாஸ்மா: எந்த வாயு வருகிறது என்று தெரியாமல் விதையில் விடாதீர்கள்

மிளகாய் விதை நன்றாக முளைக்கிறதா, பக்டீரியா சாகிறதா என்று பார்க்கக் காற்றுப் பிளாஸ்மா (காற்றில் மின்னை இறக்கி உண்டாக்கும் மின்னேற்ற வாயு) செய்யப் போகிறீர்களா? சரி, உங்கள் குழாயால் வருவது ஓசோனா, நைதரசன் ஒட்சைட்டுகளா? பலர் சறுக்குவது இங்கேதான்.

மின்வலுவைக் கூட்டினால் ஓசோனும் கூடும் என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கண்ணாடித் தடுப்பு வைத்த மின்னிறக்கத்தில் வலு குறைவாகவும் வாயு குளிர்ச்சியாகவும் இருக்கும்வரைதான் ஓசோன் நிற்கும். சூடு ஏற ஏற அது உடையும், பெருகிவரும் நைத்திரிக் ஒட்சைட் (NO) மிச்சத்தையும் தின்றுவிடும். முதல் நிமிடம் வைத்த விதைக்கும் பத்தாம் நிமிடம் வைத்த விதைக்கும் கிடைத்தது ஒரே வாயு அல்ல. வெப்பநிலையையும் காற்றோட்டத்தையும் கட்டாயம் குறித்து வையுங்கள்.

எங்கள் கடற்காற்றின் ஈரமும் ஓசோனைக் குறைக்கும், நைத்திரிக்கமிலத்தை உண்டாக்கி உலோகப் பாகங்களை அரிக்கும். காற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் வழியே விடுங்கள், நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள்.

பிளாஸ்மா வாயுவைத் தண்ணீரில் செலுத்தி அந்த நீரைப் பாவிப்பதானால், அடுத்த சிக்கல் கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வடித்த நீரில் பிளாஸ்மா வாயுவைச் செலுத்தினால் பீஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 3 வரைகூட இறங்கும், அந்த அமிலத்தில்தான் நைத்திரைற்றும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்து கிருமியைக் கொல்லும் குறுகிய ஆயுள் சேர்மத்தைத் தரும். எங்கள் நிலத்தடியோ சுண்ணாம்புக்கல், அதில் ஊறிய தண்ணீரின் இருகாபனேற்று அமிலத்தைக் குடித்துவிட, பீஎச் அவ்வளவாக அசையாது. போதாததற்கு வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியே இருக்கிறது. முன்னமே அளக்காவிட்டால் அதையும் பிளாஸ்மாவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். தயாரித்த நீரை வாரக்கணக்கில் போத்தலில் வைத்துப் பாவிப்பதும் பிழை, வீரியம் குறைந்துகொண்டே போகும்.

ஒப்பீட்டுக்கு வெறும் தண்ணீர் போதாது. அதே பீஎச், அதே அளவு நைத்திரேற்று உள்ள நீரும் வேண்டும், மின் கொடுக்காமல் காற்று மட்டும் விட்ட தொகுதியும் வேண்டும்.

மலிவான மின்வேதியியல் உணரிகள் பல ஓசோனையும் நைதரசனீரொட்சைட்டையும் (NO2) பிரித்தறியாது. ஓசோனுக்கு 254 நனோமீற்றர் புறஊதா உறிஞ்சலே நம்பகமானது. இறப்பர் குழாய் ஓசோன் பட்டு வெடிப்பு விடும், தெப்லோனோ கண்ணாடியோ பாவியுங்கள்.

அப்புறம், மூக்கை நம்பாதீர்கள். ஓசோன் மணம் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், ஆனால் எட்டு மணி நேர வேலைக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லையே பத்து இலட்சத்தில் 0.1 பங்குதான். நைதரசனீரொட்சைட் இன்னும் மோசம்: சுவாசித்தவர் நன்றாகவே நடமாடுவார், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். யன்னலைத் திறந்தால் போதாது, வெளியேறும் வாயுவைக் குழாய் வைத்துக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். காற்றிலிருந்து நைத்திரிக் ஒட்சைட் எடுத்து நோயாளிக்குச் சுவாசிக்கக் கொடுக்கும் கருவிகளில்கூட நைதரசனீரொட்சைட்டைப் பிடிக்க சோடாச் சுண்ணாம்பு போன்ற வடிகட்டி இருக்கும். அது எதுவும் இல்லாத, மேசையில் கட்டிய கருவியை அம்மாவின் ஆறாத புண்ணில் பிடித்துப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.