கதவைச் சாத்துவதை விட்ட கதை

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவியிடம் எரிந்து விழுவேன். சாவி வைத்த இடத்தில் இல்லை என்பதற்குக்கூட ஒரு சண்டை. அப்புறம் அறைக்கதவைப் படாரென்று சாத்திக்கொள்வேன். இரண்டு நாள் பேச்சே இருக்காது.

கோபத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து நெஞ்சு படபடக்கும். அது அடங்க 20 நிமிடமாவது விடுங்கள் என்றார் மனநல ஆலோசகர். இப்போதெல்லாம், "கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன், வந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறேன். அந்த 'வந்து பேசலாம்' முக்கியம். முதல் வாரம் அதைச் சொல்லாமல் போய்விட்டுத் திரும்பினால், அவள் முகம் இன்னும் இறுகியிருந்தது. நடக்கும்போது மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனாலும் பலனில்லை. அதனால் வாதாடுவதை விட்டு, மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடுவேன்.

சண்டையே வருவதில்லை என்றெல்லாம் இல்லை. நேற்றும் சாவியைக் காணோம். என் சட்டைப் பையிலேயே இருந்தது.